மூன்றெழுத்துச் சாமான்

2010 நவம்பரில் ஒரு சனிக்கிழமைக்குரிய பக்கத்தில் என் குறிப்பேடு இப்படிச் சொல்கிறது: "மழை. இரண்டிலிருந்து ஆறு வரை மூன்று கேஸ். மூன்றாமவர் வன்னி, மெதுவாகக் கதைக்கிறார். தகப்பனின் டபிள் பார் சைக்கிள். மூன்று கிழமை தடுப்பில்." அந்தப் பக்கத்தை இதுவரை எத்தனை தடவை திறந்து பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கையெழுத்து தெளிவாக இருக்கிறது. அடித்தல் திருத்தல் இல்லை. சைக்கிள் என்பது மட்டும் பிழை.

அந்த நாட்களில் திங்கள் முதல் வெள்ளி வரை வேலை எனக்கு விமான நிலையத்துக்குப் பக்கத்தில், சரக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தின் அலுவலகத்தில். சனிக்கிழமைகளில், நான் குடியிருந்த பாரிஸ் புறநகரான ஓல்னே-சூ-புவாவிலிருந்து ரயிலேறி, கார் து நோர் நிலையத்தில் இறங்கி நடந்து, ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் உள்ள ஒரு கடைக்குப் போவேன். கடையின் முன்பக்கத்தில் பொட்டோக்கொப்பி இயந்திரம், ரெலிபோன் காட், பாஸ்போர்ட் படம் எடுக்க ஒரு முக்காலி, விமான ரிக்கற். பின்பக்கத்தில் ஒட்டுப்பலகையால் மறித்த ஒரு சிறிய அறை. அதற்குள் ஒரு மேசை, ஒரு கம்பியூட்டர், இரண்டு கதிரைகள். அகதியாக ஏற்கும்படி விண்ணப்பிப்பவர்கள், தாம் ஏன் நாட்டை விட்டு வந்தோம் என்பதைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை அவர்களுக்காக எழுதுவதுதான் அங்கே என் வேலை. தமிழ்க்கடைகள் நிறைந்த அந்த லா ஷப்பல் பகுதியில் இதற்குக் 'கேஸ் எழுதுவது' என்று பெயர். 2009 மே மாதத்தில் போர் முடிந்த பிறகு வன்னியிலிருந்து வருபவர்களின் தொகை கூடிக்கொண்டே போனது. முன்பு வந்தவர்கள் ஊரையும் ஆட்களையும் பற்றி நிறையச் சொல்வார்கள். இவர்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்கள்.

எனக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் முழுவதையும் கேட்பேன். கேட்கும்போதே தமிழில் குறிப்பெடுப்பேன். பிறகு அவர்களை முன்னால் வைத்துக்கொண்டே பிரெஞ்சில் தட்டுவேன். கடைசியில், எழுதிய பிரெஞ்சைப் பந்தி பந்தியாகத் தமிழில் திருப்பிச் சொல்வேன். ஒவ்வொரு பந்திக்கும் அவர்கள் 'ஓம்' சொன்ன பிறகே கையெழுத்து. வேறு இடங்களில் இப்படிச் செய்வதில்லை. ஒரே கதையைப் பெயரை மாற்றிப் பத்துப் பேருக்குக் கொடுப்பவர்களும் இருந்தார்கள். என்னிடம் அந்தப் பிழை வராது என்று நான் நம்பியிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை வந்த மூன்றாமவருக்கு முப்பத்தாறு வயது. காட்டோரத்து வயற்காணி. பாரிசுக்கு வந்து இரண்டு மாதம். கார் து நோருக்குப் பின்னால் உள்ள ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். பலகைக்கு அந்தப் பக்கம் இயந்திரம் இடைவிடாமல் தாளைத் தள்ளிக்கொண்டிருந்தது. மூன்று பேர் முறைக்கு நின்றார்கள். அவர் கதிரையை மேசைக்கு இழுத்துப்போட்டு, என் காதுக்கு மட்டும் கேட்கும்படி கதைத்தார்.

"அப்பாவிட்டை ஒண்டு இருந்ததண்ணை," என்று சொல்லி, மூன்று ஆங்கில எழுத்துகளைச் சொன்னார். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. என் வயதுக்காரர்களுக்கு எழுதாமலே தெரியும். இங்கிலாந்து நிறுவனம். யாழ்ப்பாணத்தில் அந்த மூன்று எழுத்தையும் சொன்னால் சைக்கிள்தான். என் தகப்பனார் குமாஸ்தாவாகக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்துக்குப் போய்வந்ததும் அதில்தான். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

அவர் சொன்னதை வரிசையாக எழுதினேன். அப்பாவின் பெயரில் பெர்மிற் இருந்தது, வருடாவருடம் புதுப்பித்தார்கள். இரும்பில் நம்பர் அடித்திருந்தது. அப்பா அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்துச் சுவரில் சாத்தி வைப்பார். பழைய சாமான், வெள்ளைக்காரன் காலத்தது. ஒருநாள் இயக்கம் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது, பற்றுச்சீட்டுத் துண்டு எதுவும் கொடுக்கவில்லை. கடைசிச் சண்டையில் அப்பா செத்துப்போனார். இவர் பதிவுப் பத்திரங்களை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வெளியேறினார். முகாமில் ஆமிக்காரர் சோதித்தபோது பைக்குள் அந்தப் பெர்மிற் அகப்பட்டது. சாமான் எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்றார். மூன்று கிழமை, இருபத்தொரு நாள், கேட்டார்கள். மாமன் ஒருவர் ஆள் பிடித்து வெளியே எடுத்துவிட்டார். ஆனால் அவர்கள் மறுபடியும் வீட்டுக்குத் தேடி வந்தார்கள்.

"டபிள் பரல் அண்ணை," என்று அவர் சொன்னபோது இயந்திரம் புதிய கட்டுத் தாளை இழுத்துக்கொண்டிருந்தது. எனக்குக் கேட்டது 'டபிள் பார்'. மேலே இரட்டைக் குழாய் வைத்த சைக்கிள்கள் ஊரில் இருந்தன. பெர்மிற்றுக்கும் என்னிடம் விளக்கம் இருந்தது: நாங்கள் சைக்கிளுக்கு வருடாவருடம் பணம் கட்டி லைசன்ஸ் எடுத்தவர்கள்தானே. ஒரு சைக்கிளுக்காக மூன்று கிழமையா என்று ஒரு கணம் நினைத்தது உண்மை. இயக்கத்துக்குச் சைக்கிள் கொடுத்தவன் என்று சந்தேகித்திருப்பார்கள் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். அந்த முகாம்களிலிருந்து வந்தவர்களின் கதைகளில் அதைவிட அற்பக் காரணங்களை நான் எழுதியிருக்கிறேன்.

பிரெஞ்சில் 'தகப்பனாரின் சைக்கிள்' என்று தட்டினேன். பிறகு என் முறைப்படி தமிழில் திருப்பிச் சொன்னேன். அப்போது சைக்கிள் என்ற சொல் என் வாயில் வரவில்லை. அவர் சொன்ன அதே மூன்று எழுத்தைத்தான் நானும் சொன்னேன், சில இடங்களில் 'சாமான்' என்றேன். அவர் ஒவ்வொரு பந்திக்கும் "ஓம்" என்றார். கையெழுத்துப் போட்டார். போகும்போது, "வடிவா எழுதியிருக்கிறியள் அண்ணை," என்று ஒரு நன்றியும் சொன்னார்.

அடுத்த வருடம் ஏப்ரலில் அவர் ஒரு கடித உறையோடு வந்தார். ரெஜெ. அதாவது, அகதி அலுவலகம் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டது. ஒரு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அப்படி வருபவர்களுக்குக் காரணங்களைத் தமிழில் வாசித்துச் சொல்வதும் என் வேலை.

"எழுத்து மூலம் கொடுத்ததிலை, அப்பாவின்ரை சைக்கிளுக்காகப் பிடிபட்டதெண்டு சொல்லியிருக்கிறியளாம்," என்று தொடங்கினேன்.

"என்ன சைக்கிள்?"

"அப்பாவின்ரை."

"அப்பாவுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாதண்ணை. அந்தாள் சாகுமட்டும் நடைதான்."

நான் அடுத்த வரியைப் பார்த்தேன். நேரில் விசாரித்தபோது விண்ணப்பதாரர் அதே கைதுக்கு ஒரு வேட்டைத் துவக்கை, இரட்டைக்குழல் துப்பாக்கியைக் காரணமாகச் சொன்னார், இந்த முரண்பாட்டுக்கு ஏற்கத்தக்க விளக்கம் தரவில்லை, ஆகவே சொன்ன சம்பவங்கள் நம்பத்தக்கவை அல்ல என்று இருந்தது. அந்த வரியை நான் சத்தமாக வாசிக்கவில்லை.

அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "நேரிலை விசாரிக்கேக்கையும் இதைத்தான் கேட்டவங்கள். மொழிபெயர்க்க வந்தவர் பாண்டிச்சேரிக்காரர், நல்ல மனுசன். 'வண்டிய எங்க நிறுத்தி வச்சிருந்தீங்க'ண்டு கேட்டார். மாட்டு வண்டிலைக் கேக்கிறாராக்குமெண்டு, மாடு செத்தாப்பிறகு வண்டிலை வித்துப்போட்டம் எண்டு சொன்னனான். விசாரிச்ச பொம்பிளை என்னை ஒரு மாதிரிப் பாத்தா. பிறகுதான் நான் எல்லாத்தையும் உடைச்சுச் சொன்னது, துவக்கு, பெர்மிற், எல்லாம். அதுக்கும் ஒரு மாதிரித்தான் பாத்தா. என்னண்ணை, வேறை என்ன போட்டிருக்கு?"

"கடிதத்தை வைச்சிட்டுப் போம் தம்பி. வடிவாப் பாத்துச் சொல்லுறன்," என்றேன்.

வீட்டுக்கு வந்து குறிப்பேட்டை எடுத்தேன். டபிள் பார். வேறெதையும் பார்க்கத் தேவையிருக்கவில்லை. அந்த நிறுவனத்தின் அடையாளத்தைச் சிறுவயதில் எத்தனையோ தடவை விரலால் தடவியிருக்கிறேன். சைக்கிளின் முன்பக்கத்தில், கைபிடிக்குக் கீழே, ஒரு சிறு தகடு. அதில் மூன்று தடிகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. பந்தற்கால்கள் என்று நினைத்திருந்தேன். அவை மூன்று துவக்குகள் என்பதை என் நாற்பத்தெட்டாவது வயதில், சமையலறையில் நின்றபடி விளங்கிக்கொண்டேன்.

நான்கு நாட்கள் நான் எவரிடமும் எதுவும் சொல்லவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன். ஒரு மாதத்தில் நான்கு நாட்கள். அந்த நான்கு நாட்களுக்கும் குறிப்பேட்டில் காலநிலை மட்டும்தான் இருக்கிறது.

ஐந்தாம் நாள் பிற்பகல் வேலையிலிருந்து நேரே அவருடைய உணவகத்தின் பின்வாசலுக்குப் போனேன். மதியச் சாப்பாடு முடிந்து, மாலைக்குத் திறக்கும்வரை உள்ள நேரம். அவர் ஒரு எண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்து அதில் குந்திக்கொண்டு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். கைவிரல்கள் தண்ணீரில் ஊறி வெளிறியிருந்தன.

"தம்பி, பிழை என்னிலைதான். நீர் பரல் எண்டு சொன்னதை நான் பார் எண்டு கேட்டிட்டன்."

"எந்தப் பார்?"

"சைக்கிள் பார்."

அவருக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. பிறகு சிரித்தார். உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சமையற்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். "அப்ப என்னை மூண்டு கிழமை ஒரு சைக்கிளுக்கே கட்டித் தூக்கினவங்கள்? சைக்கிள் எண்டால் குடுத்திருப்பனே அண்ணை! ரெண்டு வாங்கிக் குடுத்திருப்பன்!"

சிரிப்பு நின்றதும் சிகரெட்டை அணைத்தார். "அங்கை இல்லையெண்டு சொல்லி அடி வாங்கினன். இஞ்சை இருந்ததெண்டு சொல்லி ரெஜெ வாங்கிறன்," என்றார். "நான் ஏன் துவக்கெண்டு வாய்விட்டுச் சொல்லேல்லைத் தெரியுமோ? அந்தப் பலகைக்கு அங்காலை ஆர் நிண்டதெண்டு எனக்குத் தெரியுமே? ஊரிலை நாங்கள் அந்தச் சொல்லை விட்டு எவ்வளவு காலம். சாமான், சாமான் எண்டுதான் எங்களுக்கு வாயிலை வரும்."

"எனக்கு அது விளங்கியிருக்க வேணும்."

"அது சரி. கடிதம் தந்து அஞ்சு நாள். ஏன் இண்டைக்குத்தான் சொல்லுறியள்?"

அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டார்.

கடையை நடத்தியவர் ஒரு பெண், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சனிக்கிழமை கடை திறந்ததும் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். மேல்முறையீட்டை விசாரிக்கும் மன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதி, மொழிபெயர்ப்பில் நான் விட்ட பிழை என்று ஒத்துக்கொள்ளப் போகிறேன் என்றேன்.

"உமக்கு விசரே தம்பி?" என்றார். முக்காலியில் படத்துக்கு இருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தார். அக்கா குரலைத் தணித்தார். "இஞ்சை எழுதின எல்லாத்துக்கும் கீழை உம்மடை பேர் கிடக்குது. ஒண்டு பிழையெண்டு நீரே எழுதிக் குடுத்தால், மற்றதெல்லாத்தையும் என்ன செய்வாங்கள்? விசாரணைத் தவணைக்குக் காத்துக்கொண்டு இருக்கிற பிள்ளையள் எத்தினை பேர்? அதுகள் என்ன பாவம் செய்ததுகள்?"

"அப்ப இவர்?"

"பயத்திலை மாத்திச் சொன்னனான் எண்டு அவர் சொல்லட்டும். அது முழுப் பொய்யும் இல்லைத்தானே."

அது முட்டாள்தனமான பேச்சு அல்ல. இன்றும் நான் அப்படி நினைக்கவில்லை. அன்று நான் எழுதிக் கொடுத்தவர்களில் இருபது பேருக்கு மேல் முடிவுக்குக் காத்திருந்தார்கள். அவர்கள் பட்டியல் என்னிடம் இருந்தது. ஆனால் 'மாற்றிச் சொன்னேன்' என்று அவர் சொன்னால், சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாகிவிடும். அவர் ஆரம்பத்திலிருந்து ஒன்றையேதான் சொன்னவர். திங்கட்கிழமை கடிதத்தை எழுதினேன். ஏழு வரிகள். எந்தச் சொல்லை எப்படிக் கேட்டேன், எதை எப்படி எழுதினேன், திருப்பிச் சொன்னபோது ஏன் பிழை வெளிப்படவில்லை என்பது மட்டும்.

அவருக்குக் கிடைத்த வழக்கறிஞர் ஒரு இளம் பிரெஞ்சுப் பெண். கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். "ஒரு நிறுவனம் துவக்கும் சைக்கிளும் செய்ததென்று நீங்கள் சொல்கிறீர்கள். நீதிபதி ஏன் நம்ப வேண்டும்? எனக்கு அது ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் பெயர். எங்கள் தாத்தா வைத்திருந்தார்," என்றார். அப்படியானால் மூன்றாவது சாமானும் இருந்திருக்கிறது. "ஆதாரத்தோடு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். ஒரு பக்கம்தான்."

அந்தப் பக்கத்துக்காக மூன்று மாலைகள் பொது நூலகத்தில் இருந்தேன். மோட்டார் வாகன வரலாறுகள், ஆயுத வரலாறுகள், பழைய விலைப்பட்டியல்கள். அதில் படித்தவற்றை இங்கே சுருக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய வழக்கு அதில்தான் நின்றது.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், இரும்பு வேலைக்குப் பேர்போன ஒரு நகரத்தில், கையால் துவக்குச் செய்துவந்த தொழிலாளிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒன்றுசேர்ந்து ஆரம்பித்த நிறுவனம் அது. இயந்திரங்களைக் கொண்டு துவக்குச் செய்து அரசாங்கத்துக்குக் கொடுப்பது நோக்கம். போர் இருந்தால் கொள்வனவுக் கட்டளை வந்தது. போர் இல்லாத ஒரு கட்டத்தில் கட்டளையே இல்லாமல், தொழிற்சாலையை ஒரு வருடமளவில் பூட்டி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் ஒருவர் தான் கண்டுபிடித்த இருசில்லு வண்டியோடு வந்தார். பணிப்பாளர்கள் கூட்டம் நடத்திக்கொண்டிருந்த நீளமேசையின் மேல் ஏறி அதை ஓட்டிக் காட்டினாராம். துவக்குச் செய்த இயந்திரங்களும் ஆட்களும் அதற்கும் தோதாக இருந்தார்கள். அப்படித்தான் சைக்கிள் வந்தது. சில வருடத்தில் துவக்குக் கட்டளை திரும்ப வந்ததும் சைக்கிளை நிறுத்தினார்கள். கட்டளை குறைந்ததும் சைக்கிளுக்குத் திரும்பினார்கள். பிறகு மோட்டார் சைக்கிள். முதலாம் உலகப் போரில் இலட்சக்கணக்கில் துவக்கு. இரண்டு போர்களுக்கும் நடுவில் வேட்டைக்கென்று டபிள் பரல். ஒரு விலைப்பட்டியலில் அதன் படமே இருந்தது. இரண்டாம் போரில் துவக்குகளும், பாரசூட்டில் குதிப்பவர்களுக்கு மடித்து வைக்கக்கூடிய சைக்கிளும். அந்தப் போரில் தொழிற்சாலையின் மேல் குண்டு விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைத்தளத்திலேயே இறந்தார்கள். போருக்குப் பிறகு சைக்கிள் பகுதி இன்னொரு நிறுவனத்துக்குப் போனது. பெயர் இந்தியாவுக்கும் போய், சென்னைப் பக்கத்தில் செய்த சைக்கிள்களில் ஒட்டப்பட்டது. மோட்டார் சைக்கிள் எழுபதுகளில் நொடித்தது. துவக்குப் பகுதி காற்றுத் துவக்கு செய்யும் அளவுக்குச் சுருங்கி, வேறு நாட்டவரின் கைக்கு மாறியது. இவ்வளவு காலமும் அடையாளம் அந்த மூன்று துவக்குகள்தான். சைக்கிளிலும் அதுதான்.

மூன்றாம் மாலை, அந்த டபிள் பரலின் படத்துக்கு முன்னால் நெடுநேரம் இருந்தேன். ஒரே தொழிற்சாலையில், ஒருவேளை ஒரே வரிசையில் நின்ற ஆட்கள் செய்த இரண்டு பொருட்கள் கப்பலேறி எங்கள் தீவுக்கு வந்திருக்கின்றன. ஒன்று பட்டணத்தில் ஒரு குமாஸ்தாவை வேலைக்குக் கொண்டுபோனது. மற்றது காட்டோரத்தில் பன்றி வெருட்டியது. இரண்டு வீட்டுக்காரரும் ஒரே பெயரைச் சொன்னோம். எங்கள் வீட்டுக்கு எவரும் சைக்கிளைத் தேடி வரவில்லை.

மேசையில் ஓட்டிக் காட்டிய கதையை வழக்கறிஞர் சிவப்புப் பேனையால் வெட்டினார். "மன்றத்துக்கு மேசை தேவையில்லை," என்றார். மற்றதெல்லாம் அப்படியே போனது. விலைப்பட்டியலின் பிரதியையும் சேர்த்தார். மேல்முறையீடு முடிவுத் திகதிக்கு ஆறு நாட்கள் இருக்கையில் பதிவுத் தபாலில் போனது.

விசாரணைத் தவணை ஒன்பது மாதம் கழித்து வந்தது. அதற்குள் அக்கா என்னைச் சனிக்கிழமைகளில் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சண்டை எதுவும் இல்லை. என் கதிரையில் வேறொருவர் இருந்தார். என் பேனைகளை ஒரு உறையில் போட்டுத் தந்தார். விஷயம் தெருவில் பரவியிருந்தது. உணவுப்பொருள் கடையில் ஒருவர் என் முகத்துக்கு நேரேயே, "இவரிட்டைத்தான், துவக்கைக் குடுத்தால் சைக்கிள் ஆக்கித் தருவார். இயக்கமே இவரைத் தேடியிருக்குமே," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் எழுதிக் கொடுத்தவர்களில் நான்கு பேர் தங்கள் பிரதிகளோடு வந்து மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். நான்கையும் சொல் சொல்லாகப் பார்த்தேன். ஒன்றில் சிறிய தாய் என்பதை மாற்றாந்தாய் என்று எழுதியிருந்தேன். அவர் சொன்னது தாயின் தங்கையை.

மன்றம் நகரின் கிழக்கே ஒரு புறநகரில். நான் பின்வரிசையில் இருந்தேன். நீதிபதி நரைத்த மனிதர், அவசரமில்லாமல் பேசினார். என் கடிதத்தையும் அந்த ஒரு பக்கத்தையும் கையில் வைத்திருந்தார். இந்தமுறை மொழிபெயர்த்தவர் தமிழ்நாட்டுப் பெண்.

"உங்க அப்பா அந்தத் துப்பாக்கிய எதுக்கு வச்சிருந்தார்?"

"பண்டி வெருட்டத்தான். வயலுக்கு வாறது."

"எத்தனை பன்னி சுட்டிருப்பார்?"

"ஒண்டும் சுடேல்லை. அப்பாவுக்குக் குறி சரிவராது. வெடிச் சத்தத்துக்கே அதுகள் ஓடிடும்."

நீதிபதி முறுவலித்தார். எண்ணெய் எது, நம்பர் எங்கே அடித்திருந்தது, பெர்மிற் என்ன நிறம், யார் கையெழுத்து என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அவர் உடனே பதில் சொன்னார். குழல் சேரும் இடத்தில் மூன்று துவக்குப் படம் ஒன்று இருந்ததென்றும், கேட்காமலே சொன்னார். நீதிபதி என் பக்கத்தைத் திருப்பி எதையோ பார்த்துத் தலையசைத்தார். வெளியே வந்ததும் வழக்கறிஞர் என் கையைக் குலுக்கினார். வன்னிக்காரரும் நானும் மெத்ரோவில் திரும்பினோம். அவர் இறங்கும்போது, "நம்பினவர் போலதான் கிடக்குதண்ணை," என்றார்.

மூன்று கிழமையில் முடிவு வந்தது. அதை வாசித்துச் சொல்ல அவர் என்னிடமே வந்தார், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓல்னேயில் என் வீட்டுக்கு. என் மனைவி தேநீர் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். இந்தமுறை ஒரு வரியும் விடாமல் வாசித்தேன். விண்ணப்பதாரரின் தகப்பனிடம் அனுமதி பெற்ற வேட்டைத் துவக்கு இருந்ததென்பதை மன்றம் ஏற்கிறது. எழுத்து வாக்குமூலத்தில் உள்ள வேறுபாடு மொழிபெயர்ப்புப் பிழை என்பதையும் ஏற்கிறது. ஆனால், அந்தத் துவக்கு பல ஆண்டுகளுக்கு முன்பே கைமாறிவிட்டதாலும், விண்ணப்பதாரர் விடுவிக்கப்பட்டதாலும், திரும்பிப் போனால் இன்றைக்கு அவர் அதற்காகத் தேடப்படுவார் என்பது நிறுவப்படவில்லை. மேல்முறையீடு தள்ளப்படுகிறது.

"அப்ப, துவக்கு இருந்ததெண்டு ஒத்துக்கொள்ளுறாங்கள்."

"ஓம்."

"அது இப்ப இல்லையெண்டும் ஒத்துக்கொள்ளுறாங்கள்."

"ஓம்."

"இதைத்தானே அண்ணை நான் ஆமிக்காரனுக்கும் சொன்னனான்," என்றார். தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு, கலே துறைமுகத்திலிருந்து கள்ளமாக இங்கிலாந்துக்குப் போகப் போவதாகவும் ஆள் ஒழுங்கு செய்தாயிற்று என்றும் சொன்னார். "துவக்குச் செய்தவங்களிட்டையே போய்க் கேக்கிறன். அவங்களுக்கெண்டாலும் தங்கடை சாமானைத் தெரியுந்தானே."

அந்த நிறுவனத்தைப் பற்றிய பக்கத்தை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி கேட்டார். முழுக் கதையையும் மறுபடியும் எழுதுவோம் என்றேன், இம்முறை முதலில் தமிழில். அன்று பிற்பகல் முழுவதும் இருந்தோம். அவர் சொன்ன ஒவ்வொரு பொருளுக்கும் அது என்ன, எதற்குப் பாவிக்கிறது என்று கேட்டு எழுதினேன். துவக்கின் படமொன்றை அவரைக் கொண்டே கீறுவித்தேன். முதல் தடவை அவரை இப்படிக் கேட்க எனக்கு ஐந்து நிமிடம் போதியிருக்கும். அவர் முதலில் தயங்கித் தயங்கிச் சொன்னார். நான்கு மணியளவில் என் சமையலறையில் இருந்து 'துவக்கு' என்று உரக்கவே சொல்லிக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக் கொடுத்தேன். தமிழ்க் கதை, ஆங்கிலப் பக்கம், விலைப்பட்டியலின் பிரதி, தீர்ப்பு, என் கடிதம். அவர் வாசலில் நின்றபடி தாள்களைப் புரட்டி என் கடிதத்தை வெளியே எடுத்தார். அதில் என் பெயரை மட்டும் அவரால் வாசிக்க முடியும்.

"இது வேண்டாமண்ணை. உங்கடை பிழை அங்கை எனக்கென்னத்துக்கு? நான் போய் துவக்கெண்டே துவக்கிறன்."

கடிதத்தை என் கையில் தந்துவிட்டுப் படியிறங்கினார்.

பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு அவருடைய ரெலிபோன் இலக்கத்துக்கு அடித்தேன். அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று பதிவு செய்த ஒரு பெண் குரல் பிரெஞ்சில் சொன்னது. அடுத்த மாதமும் அடித்தேன். உணவகத்துக்குப் போய்ச் சமையற்காரரிடம் கேட்டேன். போனவர் போனவர்தான், எவருக்கும் செய்தி இல்லை என்றார். அவர் இடத்தில் கோப்பை கழுவ வேறொருவர் வந்திருந்தார், கிழக்கு மாகாணத்து ஆள். அவருக்கும் கேஸ் எழுத ஆள் தேவையாம். நான் இப்போது எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.